செல் பிரியும்போது கதிர்கோல் எந்தப் பக்கம் திரும்புகிறது: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

பாடப்புத்தகத்தில் இருக்கும் மைட்டாசிஸ் படத்தை நினைத்துப் பாருங்கள். நடுவில் குரோமோசோம்கள் வரிசைகட்டி நிற்கும், இரண்டு பக்கமும் இரண்டு துருவங்கள், இடையில் கதிர்கோல் இழைகள். அந்தக் கதிர்கோல் எப்போதும் நேராகத்தான் வரையப்பட்டிருக்கும். நானும் அந்தப் படத்தைப் பரீட்சைக்காக எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அது ஏன் இந்தப் பக்கம் கிடக்கிறது, ஏன் சாய்ந்து கிடக்கவில்லை என்று யாரும் ஒருதரம்கூடக் கேட்டதில்லை.

உயிருள்ள செல்லுக்கோ அது வாழ்வா சாவா என்கிற அளவுக்கு முக்கியமான கேள்வி. விலங்கு செல்களில் கதிர்கோல் எந்தத் திசையில் கிடக்கிறதோ அதற்குக் குறுக்கேதான் செல் வெட்டுப்படும். நம் தோலின் அடியடுக்கில் இருக்கும் ஒரு செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கதிர்கோல் படுத்துக் கிடந்தால் இரண்டு சேய் செல்களும் அடியடுக்கிலேயே தங்கிவிடும், தோல் அகலமாகும். அதே கதிர்கோல் எழுந்து நின்றால் ஒன்று கீழே தங்கும், மற்றொன்று மேலே போய்த் தோலின் மேலடுக்குகளைக் கட்டும். டெர்ரி லெக்லரும் இலேன் ஃபூக்ஸும் 2005-இல் சுண்டெலிக் கருவின் தோலில் இதைக் காட்டினார்கள். ஒரே செல், ஒரே மரபணுக்கள், 90 டிகிரி திருப்பம், வேறு வாழ்க்கை.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு போகப் போகிறோம்: கதிர்கோலை வெளியிலிருந்து இழுப்பது யார், எங்கே நின்று இழுக்கிறார்கள்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால், பார்க்கப் பயமுறுத்துகிற புரதப் பெயர்கள் எல்லாம் தானாக இடத்தில் உட்கார்ந்துவிடும்.

முதலில், கையில் என்னென்ன இருக்கிறது

கதிர்கோல் நுண்குழல்களால் ஆனது. ஒரு நுண்குழலின் தடிமன் சுமார் 25 நானோமீட்டர். அதற்கு இரண்டு முனைகள் உண்டு, இரண்டும் ஒன்றல்ல. மைனஸ் முனை துருவத்தில், குழல்கள் கிளம்பும் மையமான சென்ட்ரோசோம் பக்கம் இருக்கும். பிளஸ் முனை வெளியே நீளும், அங்கேதான் குழல் வேகமாக வளர்வதும் சட்டென்று சுருங்குவதும் நடக்கும். இந்த மைனஸ், பிளஸ் விஷயத்தை இப்போதே மனதில் இருத்திக்கொள்ளுங்கள், படி 4-இல் எல்லாமே அதில்தான் நிற்கிறது.

துருவத்திலிருந்து கிளம்பும் குழல்களில் சில குரோமோசோமைப் பிடிக்கும். சில எதிர்த் துருவத்திலிருந்து வரும் குழல்களோடு பின்னிக்கொள்ளும். மூன்றாவது வகை உள்ளே போகாமல் வெளிப்பக்கமாக, செல்லின் ஓரத்தை நோக்கிச் சூரியக் கதிர் மாதிரி விரியும். ஆஸ்டர் குழல்கள் என்பார்கள். பரீட்சைப் படத்தில் நாம் நாலு கோடு போட்டுவிட்டுக் கடந்துபோவது இவற்றைத்தான், திசை முழுக்க இவற்றின் கையில்தான் இருக்கிறது.

இன்னொன்று, செல் சவ்வுக்கு உள்பக்கமாக ஒட்டியிருக்கும், ஆக்டின் என்ற புரத இழைகளால் ஆன வலை. அதைப் புறணி என்போம். அதுதான் சுவர். ஆஸ்டர் குழல் கயிறு. கயிற்றைப் பிடித்து இழுக்கும் ஆள் டைனீன் என்ற மோட்டார் புரதம்.

படி 1: செல் உருண்டையாகிறது, பழைய வடிவத்தை மறக்காமல்

தட்டில் ஒட்டிப் படர்ந்து கிடக்கும் ஒரு மனித செல், பிரியப் போகிறது என்றால் ஓரங்களை உள்ளே இழுத்துக்கொண்டு பந்து மாதிரி எழும்பும். ஆக்டினும் மயோசினும் புறணியை இறுக்கிக் கட்டுகின்றன. இந்த இறுக்கம் அவசியம். சுவர் தொளதொளவென்று இருந்தால் கயிற்றை இழுக்கும்போது கதிர்கோல் நகராது, சுவர்தான் உள்ளே வரும். பழ ஈயின் செல்களில் மோசின் என்ற புரதத்தை, சவ்வையும் ஆக்டினையும் சேர்த்துக் கட்டும் புரதம் அது, எடுத்துவிட்டால் புறணி மென்மையாகிவிடுகிறது, கதிர்கோலும் தடுமாறுகிறது.

சரி, பந்துக்கு ஏது நீளம், ஏது அகலம்? 1884-இல் ஆஸ்கர் ஹெர்ட்விக் ஒரு விதி சொன்னார்: செல்லின் நீளவாட்டில் கதிர்கோல் கிடக்கும். அந்த விதி பெரும்பாலும் இன்றும் நிற்கிறது. ஆனால் உருண்ட செல்லுக்கு அதை எப்படிப் பொருத்துவது என்பது பல காலம் புதிராகவே இருந்தது. 2005-இல் மானுவல் தெரி, மிஷெல் போர்னன் குழுவினர் ஓர் அழகான சோதனை செய்தார்கள். கண்ணாடியில் ஃபைப்ரோனெக்டின் என்ற ஒட்டும் புரதத்தைச் சின்னச் சின்ன வடிவங்களாக அச்சடித்து, ஒவ்வொரு வடிவத்தின் மேலும் ஒரு செல்லை உட்காரவைத்தார்கள். செல் உருண்டபோது, முன்பு ஒட்டியிருந்த இடங்களில் மெல்லிய நார்கள் மட்டும் விட்டுப்போயின, கூடாரத்தை இழுத்துக் கட்டிய கயிறுகள் மாதிரி. பந்தாக இருந்தபோதும் கதிர்கோல் அந்த நார்கள் எங்கே இருந்தனவோ அதற்கேற்பத் திரும்பியது. உருண்டு போனாலும் எங்கெங்கே ஒட்டியிருந்தோம் என்பதைச் செல் அந்த நார்களில் வைத்துக்கொள்கிறது.

திசுவுக்குள் இருக்கும் செல்லுக்கு இதே வேலையைப் பக்கத்து செல்கள் செய்கின்றன. பழ ஈயின் முதுகுப் பக்கத் தோலில் மூன்று செல்கள் சந்திக்கும் முக்குகளில் மட் என்ற புரதம் (இதைத்தான் மனிதர்களில் நூமா என்கிறோம்) குவிந்திருப்பதை 2016-இல் கண்டார்கள். செல் உருண்ட பிறகும் அந்த முக்குகள் அழிவதில்லை, மட் புரதமும் அங்கேயே இருக்கும், எனவே பழைய நீளவாட்டின் தடம் அப்படியே நிற்கிறது.

கடல் முள்ளெலி முட்டை போன்ற பெரிய செல்களில் கதை கொஞ்சம் வேறு. அங்கே டைனீன் செல்லின் உள்கூழ் முழுக்கப் பரவியிருந்து இழுக்கிறது, அதனால் நீளமான குழலைப் பிடிக்க அதிக டைனீன் கிடைக்கும், நீளமான பக்கம் ஜெயிக்கும். முட்டைகளைச் சதுரம், செவ்வகம் போன்ற குட்டிக் குழிகளுக்குள் திணித்து இதைச் சோதித்தார்கள், 2011-இல்.

படி 2: புறணியில் அடையாளம் போடுதல்

வடிவம் மட்டும் போதாது. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்பதைச் சில செல்கள் புரதங்களால் குறித்துவைக்கின்றன. இதில் புகழ்பெற்றவை பார் புரதங்கள். கென்னத் கெம்ஃபூஸ், ஜிம் பிரீஸ் குழுவினர் 1988-இல் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவில் கண்டுபிடித்தவை. அந்தப் புழுவின் கருமுட்டையில் பார்-3, பார்-6 முன்பக்கப் புறணியில் இருக்கும், பார்-1, பார்-2 பின்பக்கம். ஒன்றையொன்று விரட்டும், அதனால் எல்லை கலங்காது. இந்த அடையாளம் நேரடியாகக் கயிற்றை இழுப்பதில்லை. இழுக்கும் ஆட்கள் எங்கே எத்தனை பேர் நிற்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது.

படி 3: கொக்கி மாட்டுதல்

இதுதான் மையம், மெதுவாகப் படியுங்கள்.

டைனீனைச் சும்மா செல்லுக்குள் விட்டால் அது குழலின் மேல் ஏறிக்கொண்டு போய்விடும். அதைச் சுவரோடு கட்ட வேண்டும். மூன்று கண்ணி உள்ள சங்கிலி அதைச் செய்கிறது. முதல் கண்ணி ஜி-ஆல்ஃபா-ஐ. இது கொழுப்பு வால் மூலம் சவ்வில் குத்தி நிற்கும், ஜிடிபி (GDP) பிடித்திருக்கும் நிலையில் இரண்டாவது கண்ணியான எல்ஜிஎன்-ஐப் பற்றிக்கொள்ளும். எல்ஜிஎன் தனியாக இருக்கும்போது தன் தலையையும் வாலையும் சேர்த்து மடங்கிக் கிடக்கிறது. ஜி-ஆல்ஃபா-ஐ வாலைப் பிடித்ததும் தலை விடுபடும், அந்தத் தலையில் நூமா வந்து மாட்டும். நூமாவின் மறுமுனை டைனீனைப் பிடிக்கும். சுவர், ஜி-ஆல்ஃபா-ஐ, எல்ஜிஎன், நூமா, டைனீன். இந்த வரிசையை ஒருமுறை கையால் எழுதிப் பாருங்கள், பிறகு மறக்காது.

நூமா சாதாரண நேரத்தில் உட்கருவுக்குள் அடைந்து கிடக்கும் புரதம். உட்கரு உறை உடைந்த பிறகுதான் வெளியே வர முடியும். ஆக, பிரிவு தொடங்கும் முன்பே சங்கிலி பூட்டிக்கொள்ள வழியில்லை. இவ்வளவு எளிய பூட்டு!

இதே சங்கிலிக்குப் பழ ஈயில் வேறு பெயர்கள்: எல்ஜிஎன்-க்குப் பின்ஸ், நூமாவுக்கு மட். புழுவில் ஜிபிஆர்-1/2, லின்-5. பெயர்கள் வேறுவேறாக இருப்பதால் படிப்பவர்கள் இவை தனித்தனி இயந்திரங்கள் என்று குழம்புகிறார்கள். ஈ, புழு, மனிதன் மூவரிடமும் இருப்பது ஒரே அமைப்பு.

மூன்றில் எது கடிவாளம்? 2018-இல் ஒளியால் புரதங்களை விரும்பிய இடத்துக்கு வரவழைக்கும் நுட்பத்தைக் கொண்டு மனித செல்களில் பார்த்தார்கள். புறணியின் ஒரு பக்கத்துக்கு நூமாவை இழுத்துவந்தால் கதிர்கோல் அந்தப் பக்கம் நகர்ந்தது. டைனீனை மட்டும் அங்கே கொண்டுவந்து நிறுத்தியபோது நகரவில்லை. அதனால் எந்தச் செல்லைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: இந்த நிமிடம் நூமா எங்கே இருக்கிறது?

படி 4: இழுத்தல்

டைனீன் மைனஸ் முனையை நோக்கி நடக்கும் மோட்டார். மைனஸ் முனை துருவத்தில் இருக்கிறது. டைனீனின் கால் குழலில், உடம்பு சுவரில் கட்டப்பட்டிருக்கிறது. அது துருவத்தை நோக்கி நடக்கப் பார்க்கும், ஆனால் தான் நகர முடியாது. எனவே குழல்தான் அதன் காலடியில் வழுக்கிச் சுவரை நோக்கி வருகிறது, கூடவே துருவமும். கரையில் காலூன்றி நின்று கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் படகை இழுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். இதோடு, சுவரை வந்து தொட்ட குழல் நுனி சுருங்கும்போது டைனீன் பிடியை விடாமல் இருந்தால், அந்தச் சுருக்கமும் இழுப்பாகிறது.

உள்ளிருந்து தள்ளுவதால் நகரவில்லை, வெளியிலிருந்து இழுப்பதால்தான் நகர்கிறது என்று எப்படிச் சொல்கிறோம்? ஸ்டீபன் கிரில், பியர் கொன்சி, எர்ன்ஸ்ட் ஸ்டெல்சர், டோனி ஹைமன் 2001-இல் செய்த சோதனை எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்தது. அந்தப் புழுவின் கருமுட்டை சுமார் 50 மைக்ரான் நீளம். அதில் கதிர்கோல் உருவானதும் அதன் நடுவை லேசரால் அறுத்தார்கள். உள்ளிருந்து தள்ளும் விசையால்தான் துருவங்கள் விலகுகின்றன என்றால் அறுத்ததும் அவை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. இரண்டும் பிய்த்துக்கொண்டு தத்தம் பக்கம் ஓடின, பின்பக்கத் துருவம் முன்பக்கத்தைவிட வேகமாக. பார் மரபணுக்கள் கெட்ட கருக்களில் இரண்டு பக்கமும் ஒரே வேகம். ஆக, பின்பக்கச் சுவரில் இழுப்பு அதிகம், அதை அதிகமாக்குவது படி 2-இல் போட்ட அடையாளம். இதனால்தான் அந்த முட்டையின் முதல் பிரிவு சமமாக இருப்பதில்லை: முன்னால் பெரிய ஏபி செல், பின்னால் சின்ன பி1 செல்.

படி 5: எங்கே இழுக்கக் கூடாது

இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சுவர் முழுக்க ஆட்கள் நின்று எல்லாப் பக்கமும் இழுத்தால் திசை என்று ஒன்று இருக்காது. நூமாவைச் சில இடங்களிலிருந்து துடைத்தெடுக்க வேண்டும்.

மனித செல்களில் குரோமோசோம்களைச் சுற்றி ரான்-ஜிடிபி (Ran-GTP) என்ற சமிக்ஞை தேங்கி நிற்கிறது. குரோமோசோம்களுக்குப் பக்கத்தில் உள்ள சுவரில் நூமாவும் எல்ஜிஎன்-உம் தங்காமல் அது பார்த்துக்கொள்கிறது. துருவம் ஒரு பக்கச் சுவரை ரொம்ப நெருங்கினால் துருவத்தில் இருக்கும் பிஎல்கே1 என்ற நொதி அங்குள்ள டைனீனைக் கழற்றிவிடுகிறது, அதனால் எதிர்ப்பக்கம் வலுக்கிறது, கதிர்கோல் திரும்ப நடுவுக்கு வருகிறது. கியோமிட்சுவும் சீஸ்மனும் 2012-இல் இதை ஆய்வகத்தில் வளர்க்கும் ஹீலா என்ற மனித செல்களில் விவரித்தார்கள். கதிர்கோலே தன்னை இழுப்பவர்களை இடம் மாற்றிக்கொள்கிறது, பாருங்கள்.

குடல், சிறுநீரகக் குழாய் போன்ற எபிதீலியத் திசுக்களில் செல் பக்கவாட்டில்தான் பிரிய வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சேய் அடுக்கைவிட்டு வெளியே விழும். அங்கே மேற்பக்கச் சுவரில் ஏபிகேசி என்ற நொதி எல்ஜிஎன்-இல் பாஸ்பேட் ஒட்டி அதை மேலே தங்கவிடாமல் செய்கிறது, நாய்ச் சிறுநீரக செல்களில் பார்த்த முடிவு இது. மிச்சம் இருப்பது பக்கச் சுவர்கள், கதிர்கோல் படுத்துக்கொள்கிறது.

நேரத்துக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. மெட்டாஃபேஸில், அதாவது குரோமோசோம்கள் நடுவில் வரிசைகட்டி நிற்கும் கட்டத்தில், சிடிகே1 என்ற நொதி நூமாவில் பாஸ்பேட் ஒட்டிப் புறணியில் அதன் அளவைக் குறைத்து வைக்கிறது. குரோமோசோம்கள் பிரிந்து துருவங்களுக்குப் போகும் அனாஃபேஸ் தொடங்கியதும் அந்தப் பிடி தளர்ந்து நூமா புறணியில் மளமளவென்று கூடும், இழுப்பும் பலமாகும்.

படி 6: சரிபார்த்தல்

எல்லா செல்லும் தன் கதிர்கோல் சரியாகத் திரும்பியிருக்கிறதா என்று நின்று பார்ப்பதில்லை. நாம் பாடத்தில் படிக்கும் கதிர்கோல் சோதனைச்சாவடி, குரோமோசோம்கள் இழைகளில் மாட்டியிருக்கின்றனவா என்றுதான் பார்க்கும், திசையைப் பார்க்காது.

மொட்டுவிடும் ஈஸ்ட் அப்படி இருக்க முடியாது. அது எங்கே வெட்டுப்படும் என்பது மொட்டின் கழுத்தில் முன்கூட்டியே முடிவாகிவிட்டது. கதிர்கோல்தான் அங்கே வந்தாக வேண்டும். முதலில் கேஏஆர்9 என்ற புரதம் குழலின் நுனியைப் பிடித்து ஆக்டின் தண்டவாளம் வழியாக மொட்டை நோக்கி இழுக்கும், பிறகு டைனீன் மீதியை முடிக்கும். அதுவரை தாய் செல்லில் இருக்கும் கின்4 பிரேக்கை அழுத்தியே வைத்திருக்கும். பிரேக்கை விடுவிக்க உதவும் எல்டிஇ1 மொட்டுக்குள் மட்டும் இருக்கிறது. ஒரு துருவம் கழுத்தைத் தாண்டி மொட்டுக்குள் வந்து சேர்ந்தால்தான் பிரிவை முடிக்க அனுமதி.

பழ ஈயின் விந்தகத்தில் உள்ள ஸ்டெம் செல்கள் இன்னும் முன்ஜாக்கிரதை. கதிர்கோல் உருவாகும் முன்பே ஒரு சென்ட்ரோசோமைத் தங்களைத் தாங்கும் மைய செல்களின் பக்கம் நிறுத்திவைக்கின்றன. யுகிகோ யமாஷிதாவும் மார்கரெட் ஃபுல்லரும் 2003-இலும் 2007-இலும் காட்டியபடி, அங்கே தங்குவது பழைய சென்ட்ரோசோம். புதியது மறுபக்கம் போகும்.

ஆறு படியும் ஒரே செல்லில்: ஈயின் நியூரோபிளாஸ்ட்

பழ ஈயின் நரம்பு ஸ்டெம் செல் ஒன்றைக் கூடவே இருந்து பார்ப்போம். மேற்பக்கப் புறணியில் பஸூக்கா (பார்-3-க்கு ஈயில் உள்ள பெயர்), பார்-6, ஏபிகேசி கூடுகின்றன. இன்ஸ்க்யூட்டபிள் என்ற புரதம் பஸூக்காவையும் பின்ஸையும் இணைக்கும் பாலம், அதனால் பின்ஸ் மேலே வருகிறது, அதோடு மட் புரதமும். கீழ்ப்பக்கப் புறணியில் மிராண்டா, நம்ப் போன்றவை சேர்கின்றன, மிராண்டாவின் முதுகில் புரோஸ்பெரோவும் பிராட்டும். இவைதான் "நீ இனி ஸ்டெம் செல் இல்லை, நரம்பு செல்லாகப் போ" என்று சொல்லப் போகிறவை. அங்கே மாட்டிய டைனீன் கதிர்கோலின் ஒரு துருவத்தை மேற்பக்கம் இழுத்துப் பிடிக்கிறது, செல் குறுக்கே வெட்டுப்படுகிறது. மேலே பெரிய நியூரோபிளாஸ்ட், கீழே சின்ன சேய், அந்தச் சின்னது இன்னொருமுறை பிரிந்து நரம்பு செல்களாகவோ அவற்றுக்குத் துணைநிற்கும் கிளியா செல்களாகவோ மாறும்.

மட் இல்லாத ஈயில் மேல், கீழ் அடையாளங்கள் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. கதிர்கோல் மட்டும் பிசகுகிறது. சில பிரிவுகளில் அது படுத்துக்கொள்ள, வெட்டு செங்குத்தாக விழுந்து இரண்டு சேய்களுக்கும் மேல் பொருளும் கீழ்ப் பொருளும் கிடைக்கிறது. விளைவு, இரண்டும் நியூரோபிளாஸ்டாகவே தொடர்கின்றன, அந்த ஈயின் மூளையில் ஸ்டெம் செல்கள் மிகுந்துபோகின்றன. 2006-இல் மூன்று குழுக்கள் தனித்தனியாக மட்டின் இந்த வேலையைக் கண்டறிந்தன.

பாலூட்டிகளில் இவ்வளவு நேர்க்கோட்டில் கதை போகாது, இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. எல்ஜிஎன் இல்லாத சுண்டெலியின் மூளையில் கதிர்கோல் கண்டபடி திரும்புகிறது, முன்னோடி செல்கள் இடம் மாறிப் போகின்றன, ஆனால் நரம்பு செல்கள் உருவாகும் வேகம் பெரிதாக மாறவில்லை. சிறுநீரகத்தில் பல நீர்க்கட்டிகள் வரும் நோயிலும் குழாயின் நீளவாட்டில் பிரிய வேண்டிய செல்கள் திசை தவறுவதை 2006-இல் எலிகளில் பார்த்தார்கள். அப்புறம் திசை தவறியும் கட்டி வராத சுண்டெலிகளும் கிடைத்தன. "கதிர்கோல் பிசகினால் இந்த நோய்" என்று ஒரே வரியில் எழுதியிருப்பதைப் பார்த்தால் கொஞ்சம் நிதானியுங்கள்.

நத்தையில் மட்டும் விளைவைக் கண்ணாலேயே பார்க்கலாம். லிம்னேயா என்ற குளத்து நத்தையின் கருவில் நாலு செல் எட்டாகும்போது கதிர்கோல்கள் ஒரு பக்கமாகச் சாய்கின்றன, மேலே வரும் சின்ன செல்கள் அதற்கேற்பத் திருகி உட்காருகின்றன. ஓடு வலம் சுழியா இடம் சுழியா என்பது அங்கேயே முடிவு. குரோடா குழுவினர் 2009-இல் அந்த எட்டு செல் கட்டத்தில் செல்களை மெல்லிய கண்ணாடிக் கம்பியால் எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டார்கள். ஓடு எதிர்ப்பக்கம் சுழிந்த நத்தைகள் வளர்ந்தன.

நீங்களே அளந்து பார்க்க

மாணவர்களுக்கு இந்தப் பகுதிதான் அதிகம் பயன்படும். எளிய வழி ஹீலா செல்கள். ஃபைப்ரோனெக்டின் பூசிய கவர்ஸ்லிப்பில் வளர்த்து, நிலைப்படுத்தி, துருவங்களுக்குக் காமா-டியூபுலின், குரோமோசோமுக்கு டாப்பி என்று சாயமேற்றுங்கள். கான்ஃபோகல் நுண்ணோக்கியில் அரை மைக்ரான் இடைவெளியில் கீழிருந்து மேலாக அடுக்கடுக்காகப் படம் எடுங்கள். ஒரு துருவம் எந்த அடுக்கில் தெளிவாகத் தெரிகிறது, மற்றது எந்த அடுக்கில் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறு அடுக்கு வித்தியாசம் என்றால் உயரம் 3 மைக்ரான். மேலிருந்து பார்க்கும்போது துருவங்களுக்கு இடையே 10 மைக்ரான் என்றால், மூன்றைப் பத்தால் வகுத்து டேன் இன்வர்ஸ் எடுங்கள், சுமார் 17 டிகிரி சாய்வு. நல்ல நிலையில் இருக்கும் ஹீலா செல்லில் கதிர்கோல் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாகவே கிடக்கும், கோணம் சின்னதாகத்தான் வர வேண்டும்.

நான் முதன்முதலில் அளந்தபோது எல்லாக் கோணமும் நம்ப முடியாத அளவுக்குச் சின்னதாக வந்தது, மருந்து கொடுத்த செல்களிலும்கூட. கவர்ஸ்லிப்பை ஒட்டிய பசை காய்ந்து இறுகி, பந்தான செல்களை அப்பளமாக அமுக்கியிருந்தது. அதிலிருந்து இறுகாத திரவத்தில்தான் வைக்கிறேன், ஒவ்வொரு தட்டிலும் ஒரு செல்லின் உயரத்தை அளந்த பிறகுதான் கோணத்தைத் தொடுகிறேன்.

கணக்கில் இரண்டு குழிகள் இருக்கின்றன, இரண்டிலும் பலர் விழுகிறார்கள். ஒன்று: கதிர்கோல் முப்பரிமாணத்தில் எப்படி வேண்டுமானாலும் திரும்புகிறது என்றால் தரையோடு அதன் சராசரிக் கோணம் 45 டிகிரி வரும் என்று நினைத்துக்கொள்வது. வராது. ஒரு கோளத்தில் துருவப் பகுதியைவிட நடுக்கோட்டுப் பகுதியில் பரப்பு அதிகம், அதனால் கண்டபடி திரும்பினாலும் பாதிக் கதிர்கோல்கள் 30 டிகிரிக்குக் கீழேயே இருக்கும், சராசரி சுமார் 33 தான். உங்கள் மருந்து கொடுத்த செல்களில் சராசரி 32 வந்தால் "கொஞ்சம் சாய்ந்திருக்கிறது" என்று எழுதாதீர்கள், திசையே தொலைந்துபோயிருக்கலாம். இரண்டு: மேலிருந்து பார்க்கும் கோணங்களை அப்படியே கூட்டிச் சராசரி எடுப்பது. கதிர்கோலுக்கு முன் பின் கிடையாது. 10 டிகிரியும் 170 டிகிரியும் உண்மையில் 20 டிகிரிதான் விலகி நிற்கின்றன, ஆனால் கூட்டி வகுத்தால் 90 வரும், முழுத் தப்பு. ஒவ்வொரு கோணத்தையும் இரட்டிப்பாக்கி, திசையன்களாகக் கூட்டி, கடைசியில் பாதியாக்குங்கள்.

எந்தப் படி கெட்டது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் டைனீனை நேராக அடிக்காதீர்கள். அது கதிர்கோலைக் கட்டுவதற்கே தேவை, கதிர்கோலே உருக்குலைந்த பிறகு திசையைப் பற்றிப் பேச ஒன்றுமிருக்காது. எல்ஜிஎன்-ஐக் குறையுங்கள், அது கொக்கியை மட்டும் கழற்றும். ஆஸ்டர் குழல்களைச் சோதிக்க நுண்குழல்களைக் கலைக்கும் நோகோடசோல் மருந்து மிகக் குறைந்த அளவு போதும், உள்ளே இருக்கும் கதிர்கோல் தாங்கும், வெளிக் குழல்கள் போய்விடும். குறைத்த புரதத்தைத் திரும்பக் கொடுத்தால் கோணம் சரியாகிறதா என்பதையும் பாருங்கள், அது இல்லாமல் முடிவை எழுதாதீர்கள்.

திசுவில் அளப்பவர்கள் மெட்டாஃபேஸோடு நிறுத்திவிடக் கூடாது. சுண்டெலிக் கருத்தோலில் அனாஃபேஸில் சாய்வாகக் கிடந்த பல பிரிவுகள் கடைசிக் கட்டமான டெலோஃபேஸில் திருந்தி, படுத்தோ நின்றோ முடிவதை 2019-இல் பார்த்தார்கள். முடிந்தால் உயிருள்ள திசுவையே படம்பிடித்து, இரண்டு சேய்களும் கடைசியில் எந்த அடுக்கில் போய் நிற்கின்றன என்பதுவரை தொடருங்கள்.